வெளிநாட்டு மோட்டார் சைக்கிள் பயணத்துக்குப் பாதுகாப்பு உடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேறொரு நாட்டில் வண்டி ஓட்டப் போகிறவர்கள் விசாவுக்கும் வழித்தடத்துக்கும் மாதக்கணக்கில் மெனக்கெடுகிறார்கள். உடைக்குக் கிடைப்பதெல்லாம் புறப்படுவதற்கு முந்தைய சனிக்கிழமைதான். அவசரத்தில் வாங்கிய ஜாக்கெட் கழுத்தில் அறுக்கிறது என்று மூன்றாம் நாளே அதைக் கழற்றிப் பின்னிருக்கையில் கட்டிவிடுகிறார்கள். அதன்பின் அந்த ஜாக்கெட் பின்னிருக்கையைத்தான் காப்பாற்றிக்கொண்டு வரும். அதனால் எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: பயணத்தின் மிக மோசமான ஒரு மணி நேரத்தில் இதைக் கழற்றாமல் இருப்பேனா?

எதிலிருந்து தொடங்குவது?

வழித்தடத்திலிருந்து. கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: வழியில் எதிர்பார்க்கும் அதிகபட்ச வெப்பநிலை, குறைந்தபட்ச வெப்பநிலை, கடக்கவிருக்கும் மிக உயரமான கணவாய். மூன்றாவதை அநேகமாக எல்லோரும் மறக்கிறார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குளிர்கிறது. இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரம். அடிவாரத்திலிருந்து 1,800 மீட்டர் ஏறி உச்சியைத் தொடும்போது ஏறக்குறைய 12 டிகிரி குறைந்திருக்கும். கீழே வியர்வை, மேலே நடுக்கம். இரண்டும் ஒரே காலைப் பொழுதில்.

இதோடு வண்டியின் வேகமும் சேர்கிறது. வெளியே 10 டிகிரி என்றால், மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகிறவரின் தோலுக்கு அது 4 டிகிரி போலத் தெரியும். விரல்கள் விறைத்தால் பிரேக் பிடிக்கும் கை தாமதிக்கும். ஆகவே குளிரையும் வெறும் அசௌகரியம் என்று ஒதுக்க முடியாது.

பணம் குறைவாக இருந்தால் எதை முதலில் வாங்க வேண்டும்?

முதலில் ஹெல்மெட் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இரண்டாவதாகப் பலர் ஜாக்கெட்டுக்குப் போவார்கள். நான் பூட்ஸுக்கும் கையுறைக்கும் போவேன். நின்ற இடத்தில் சரிந்து விழும் வண்டிகூடக் கணுக்காலைத்தான் தேடிப் பிடிக்கிறது. எப்படி விழுந்தாலும் மனிதன் முதலில் ஊன்றுவது உள்ளங்கையை. தெரியாத நாட்டில் கணுக்கால் உடைந்தால் பயணம் அங்கேயே முடிந்தது. பிறகு ஜாக்கெட், அதன்பின் பேன்ட். பேன்ட்டைக் கடைசியில் வைத்ததால் ஜீன்ஸ் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். சாதாரணப் பருத்தி ஜீன்ஸ் சாலையில் தேய ஆரம்பித்தால் ஒரு நொடிகூடத் தாங்குமா என்பதே சந்தேகம்.

ஹெல்மெட்டில் எந்த முத்திரையைப் பார்க்க வேண்டும்?

ஐரோப்பாவிலும் வேறு பல நாடுகளிலும் செல்லுபடியாவது ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் விதி 22, சுருக்கமாக ஈசிஇ முத்திரை. அதன் இப்போதைய வடிவம் 22.06. அமெரிக்காவில் வேண்டியது அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையின் டாட் முத்திரை. ஸ்னெல் என்பது 1957 முதல் இயங்கும் தனியார் அறக்கட்டளையின் சான்று. அது இருந்தால் கூடுதல் நல்லதே தவிர, நாட்டுச் சட்டம் கேட்கும் முத்திரைக்கு மாற்றாகாது.

ஈசிஇ, டாட் இரண்டுக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. ஈசிஇ முறையில் ஹெல்மெட் விற்பனைக்கு வரும் முன்பே சோதனைக்கூடத்தில் தேற வேண்டும். டாட் முறையில் தயாரிப்பாளரே ‘தேறிவிட்டது’ என்று அறிவித்து ஒட்டிக்கொள்ளலாம். அரசு பிறகு கடைகளிலிருந்து மாதிரிகளை வாங்கிச் சோதிக்கும். போலி டாட் ஒட்டிகள் இவ்வளவு உலவுவதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

ஈசிஇ முத்திரையைப் படிப்பது எளிது. தாடைக்குக் கீழே கட்டும் பட்டையைத் திருப்பினால் சின்னத் துணித் துண்டு ஒன்று தைத்திருக்கும். அதில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஆங்கில எழுத்து ஈ, பக்கத்தில் ஓர் எண். 1 என்றால் ஜெர்மனி, 2 பிரான்ஸ், 3 இத்தாலி. அது அனுமதி வழங்கிய நாடு. ஹெல்மெட் அங்கேதான் செய்யப்பட்டது என்று பொருளில்லை. அடுத்து வரும் நீண்ட எண் 06 என்று தொடங்கினால் அது 22.06, 05 என்றால் முந்தைய வடிவம். எண்ணை ஒட்டி ஓர் எழுத்து வரும். பி (P) என்றால் தாடைப் பகுதி பாதுகாப்புச் சோதனையில் தேறியது. ஜே என்றால் முகம் திறந்த வகை. என்பி என்றால், தாடைக்கு முன் ஒரு வளைவு இருந்தாலும் அது காப்பாற்றும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. இந்தக் கடைசி வகையைத்தான் தெரியாமல் வாங்கிவிடுகிறார்கள்.

என்னிடம் இருப்பது 22.05. புதிது வாங்கியே ஆக வேண்டுமா?

அந்த ஒரு காரணத்துக்காக வேண்டாம். பழைய முத்திரை கொண்ட ஹெல்மெட்டை அணிவது ஐரோப்பாவில் சட்டவிரோதமல்ல; தயாரிப்புதான் புதிய விதிக்கு மாறியிருக்கிறது. 22.05 நொடிக்கு 7.5 மீட்டர் என்ற ஒரே வேகத்தில் மோதிப் பார்த்தது. 22.06 அதைவிட மெதுவாக 6 மீட்டரிலும், வேகமாக 8.2 மீட்டரிலும் கூடுதலாக மோதிப் பார்க்கிறது. சாய்வாக மோதும்போது தலை எவ்வளவு திருகுகிறது என்பதையும் அளக்கிறது. இது நல்ல முன்னேற்றம். ஆனால் உங்கள் ஹெல்மெட்டுக்கு ஐந்து வயதாகிவிட்டதா என்பது அதைவிட அவசரமான கேள்வி. ஸ்னெல் அறக்கட்டளை மாற்றச் சொல்லும் காலம் அதுதான். வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் வெயிலும் உள்நுரையையும் பசையையும் மெல்ல மெல்லக் கெடுக்கின்றன.

முழுமுக ஹெல்மெட்டா, முன்பகுதி மடங்கும் வகையா?

எல்லைச் சாவடிகளிலும் பெட்ரோல் பங்குகளிலும் அடிக்கடி முகம் காட்ட வேண்டிய பயணத்தில் மடங்கும் வகை சௌகரியம். மூக்குக் கண்ணாடி அணிபவர்களுக்கு இன்னும் சௌகரியம். பட்டையில் பி, ஜே இரண்டும் சேர்ந்து இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மூடியும் திறந்தும் தேறியிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். எடை சற்றுக் கூடுதல், இரைச்சலும் கூடுதல்.

முகம் முழுக்கத் திறந்த வகையை நீண்ட பயணத்துக்கு நான் யாருக்கும் சொல்வதில்லை. ஜெர்மானிய விபத்து ஆய்வாளர் டீட்மார் ஓட்டே தொகுத்த தரவுகளில், ஹெல்மெட்டில் விழுந்த அடிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தாடைப் பகுதியில் விழுந்தது. அந்தப் பகுதியே இல்லாத ஹெல்மெட்டில் அந்த அடி எங்கே விழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நெற்றிக்கு மேல் நீண்ட மூக்கு வைத்த சாகசப் பயண ஹெல்மெட் புகைப்படத்தில் அழகாக இருக்கும். நெடுஞ்சாலையில் அந்த மூக்கைக் காற்று பிடித்து இழுக்கும். மாலையில் கழுத்து வலிக்கும்போது காரணம் புரியும். மண் பாதை பாதிக்கு மேல் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஹெல்மெட் அளவு சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

புருவத்துக்கு மேல் இரண்டரை செ.மீ. விட்டு, பின்மண்டையின் மிகப் பருத்த இடத்தைச் சுற்றி நாடாவால் அளந்துகொள்ளுங்கள். அந்த எண் வாசல்வரைதான் கொண்டுபோய்விடும். உள்ளே நுழைந்தபின் தலையின் வடிவம்தான் தீர்மானிக்கும். சிலருக்கு மேலிருந்து பார்த்தால் தலை வட்டம், சிலருக்கு நீள்வட்டம். நீள்வட்டத் தலைக்காரர் வட்ட ஹெல்மெட்டைப் போட்டால் நெற்றி நடுவில் அழுத்தும், காதுக்கு மேலே இடைவெளி விழும்.

போட்டுக்கொண்டு இருபது நிமிடம் கடையிலேயே சுற்றுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். கன்னம் அமுங்கி, பேசும்போது உள்கன்னத்தைக் கடித்துக்கொள்வது போல இருந்தால் அது நல்ல அறிகுறி. கன்னத்து மெத்தை சில வாரங்களில் சற்றுத் தளரும். கழற்றியதும் கண்ணாடியில் நெற்றியைப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் நாணயம் அளவுக்குச் சிவந்திருந்தால் அந்த மாதிரி உங்களுக்கு ஆகாது. எட்டு மணி நேரப் பயணத்தில் அந்தச் சிவப்பு தலைவலியாக மாறும். கடைசியாக, பட்டையைக் கட்டிக்கொண்டு, பின்விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து முன்னோக்கி உருட்டுங்கள். ஹெல்மெட் கண்ணை மறைத்துக் கழன்று வருகிறதா? எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அலமாரிக்கே திருப்பி அனுப்புங்கள்.

காதடைப்பான் தேவையா?

தேவை. நூறு கி.மீ. வேகத்துக்கு மேல் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 100 டெசிபலைத் தொடும். தொழிலிடங்களுக்கு அமெரிக்க ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் எல்லைப்படி 100 டெசிபலை ஒரு நாளில் கால் மணி நேரம்தான் கேட்கலாம். நீங்கள் கேட்கப்போவது ஏழெட்டு மணி நேரம். நுரையால் ஆன சாதாரண அடைப்பானே போதும். அதைப் போட்டாலும் ஹார்ன் சத்தம் கேட்கும். அடைப்பான் வேறு, இயர்போன் வேறு: பிரான்ஸில் 2015 ஜூலை முதல் வண்டி ஓட்டும்போது காதுக்குள் இயர்போன் வைப்பதற்குத் தடை இருக்கிறது.

ஜாக்கெட்டில் ஏஏஏ, ஏஏ, ஏ என்று இருக்கிறதே, என்ன அது?

ஈஎன் 17092 என்ற ஐரோப்பியத் தரத்தின் வகுப்புகள் அவை. 2020-இல் வெளியானது. துணியைச் சுழலும் கையில் மாட்டி, கான்கிரீட் பரப்பின் மேல் விட்டுத் தேய்த்துப் பார்க்கிறார்கள். தோள், முழங்கை போல முதலில் தரையைத் தொடும் பகுதிகளுக்கு, ஏஏஏ என்றால் மணிக்குச் சுமார் 120 கி.மீ., ஏஏ என்றால் 70, ஏ என்றால் 45 கி.மீ. வேகத்துக்கு இணையான சோதனை. அந்த வேகம்வரை நமக்கு ஒன்றும் ஆகாது என்று இதற்கு அர்த்தமில்லை. துணி ஓட்டையாகாமல் நின்றது, அவ்வளவுதான்.

இன்னும் இரண்டு எழுத்துகள் ஏமாற்றும். பி (B) வகுப்பில் தேய்மானத் தாங்குதிறன் ஏ வகுப்புக்குச் சமம், ஆனால் அடியைத் தாங்கும் ஆர்மர் பட்டைகள் இருக்காது. சி வகுப்பு நேரெதிர்: பட்டைகளைத் தாங்கிப் பிடிக்கும் வலைச்சட்டை மட்டும். அதன் மேல் இன்னொரு ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும்.

என் கருத்தில் நீண்ட பயணத்துக்கு ஏஏ தான் நடைமுறைக்கு ஒத்துவரும். ஏஏஏ உடைகளில் பல கனமானவை, வெயிலில் வேகவைப்பவை. ஒரு எச்சரிக்கை: ‘மோட்டார் சைக்கிள் ஜாக்கெட்’ என்ற பெயர் எதற்கும் உத்தரவாதமல்ல. விபத்தில் சிக்கிய 212 பேரை ஆராய்ந்து 2011-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், அவர்கள் அணிந்திருந்த மோட்டார் சைக்கிள் ஜாக்கெட்டுகளிலும் பேன்ட்டுகளிலும் பத்துக்கு ஏறக்குறைய மூன்று, விழுந்தபோது கிழிந்தோ தேய்ந்தோ கைவிட்டன. கையுறைகளில் நான்கில் ஒன்று. அந்தக் கண்டத்தில் 2018-இல் தொடங்கிய மோட்டோகேப் என்ற மதிப்பீட்டுத் திட்டம், ஜாக்கெட், பேன்ட், கையுறைகளைச் சோதித்துப் பாதுகாப்புக்கும் வெப்பத் தாங்கலுக்கும் தனித்தனியாக நட்சத்திரம் கொடுக்கிறது. நீங்கள் பார்த்துவைத்த மாதிரி அதில் இருக்கிறதா என்று தேடிவிட்டு வாங்குங்கள்.

ஆர்மர் பட்டைகளில் நிலை 1, நிலை 2 எது?

ஐந்து கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து பட்டையின் மேல் போடுகிறார்கள். மறுபக்கம் எவ்வளவு விசை கடந்து வருகிறது என்று அளக்கிறார்கள். முழங்கால், முழங்கை, தோள், இடுப்புக்கு ஈஎன் 1621-1 தரத்தில் நிலை 1 என்றால் சராசரியாக 35 கிலோநியூட்டன் வரை, நிலை 2 என்றால் 20 வரை. முதுகுக்கு ஈஎன் 1621-2. அங்கே 18, 9. ஆக, நிலை 2 முதுகுப் பட்டை கடத்தும் விசை நிலை 1-இல் அனுமதிப்பதில் பாதிதான். எண்களைப் பார்த்தபின் முதுகுக்கு நிலை 2 வாங்காமலிருக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. பெரும்பாலான ஜாக்கெட்டுகளில் முதுகுப் பையில் வருவது வெறும் மெத்தை நுரை. அதை எடுத்துவிட்டு உண்மையான பட்டையைத் தனியாக வாங்கிச் செருக வேண்டியிருக்கும்.

பட்டையில் டி கூட்டல், டி கழித்தல் என்று குறி இருந்தால் 40 டிகிரியிலும் கழித்தல் 10 டிகிரியிலும் சோதித்துத் தேறியது. கையால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும் பட்டைகள் கடும் குளிரில் இறுகுவதுண்டு, சூட்டில் இளகுவதுண்டு. உங்கள் தாளில் எழுதிய எண்களோடு ஒப்பிட வேண்டிய இடம் இது.

இவ்வளவும் சொன்னபின் என் சொந்தக் கதை ஒன்று. சரளைக்கல் வளைவு, வேகம் மணிக்கு 30 கி.மீ.கூட இருக்காது, முன்சக்கரம் வழுக்கியது. பேன்ட்டில் இருந்தவை நிலை 2 முழங்கால் பட்டைகள். எழுந்து உட்கார்ந்து பார்த்தேன். பட்டை காலின் வெளிப்பக்கம் போய்ச் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. முழங்கால் சில்லின் மேல் வெறும் துணி, துணியில் ஒரு கல் குத்திய ஓட்டை. மூன்று வாரம் படிக்கட்டைப் பக்கவாட்டில் இறங்கினேன். பேன்ட் ஓர் அளவு பெரியது. கடையில் நின்றபடி பார்த்தபோது கச்சிதமாகத்தான் இருந்தது. நின்றபடி யாரும் வண்டி ஓட்டுவதில்லை என்பது எனக்கு அன்று தோன்றவில்லை. ஆகவே, வண்டியிலோ அதே உயர ஸ்டூலிலோ உட்கார்ந்து, முழங்காலை மடக்கி, பட்டையைக் கையால் பிடித்து இரண்டு பக்கமும் திருகிப் பாருங்கள். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் நகர்ந்தால், இடத்தில் நிற்கும் நிலை 1 பட்டை அதைவிட மேல்.

தோலா, துணியா, வலைத்துணியா?

தேய்மானத்துக்குத் தோலை வெல்வது கடினம். ஆனால் நனைந்தால் கனக்கும், காய நாளாகும், வெயிலில் வெந்துபோவோம். பந்தயத் தடத்துக்குப் போகிறவர்களுக்கு அது சரி. நாடு கடக்கும் பயணத்தில் பெரும்பாலோருக்குக் கெட்டி நைலான் துணி போதும். வலைத்துணி ஜாக்கெட்டில் காற்று நன்றாகப் போகும், பெரும்பாலும் ஏ வகுப்பில்தான் நிற்கும். வாங்கினால் தோளிலும் முழங்கையிலும் வலை இல்லாமல் கெட்டித் துணி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜீன்ஸ் போலவே தெரிந்தாலும் அராமிட் இழையோ பாலிஎத்திலீன் இழையோ கலந்து நெய்த பேன்ட்டுகள் இப்போது ஏஏ, சில ஏஏஏ வகுப்பிலும் கிடைக்கின்றன. வண்டியை நிறுத்திவிட்டு அருங்காட்சியகத்துக்குள் நடக்க விரும்புகிறவர்களுக்கு நல்ல தேர்வு.

நாற்பது டிகிரி வெயிலில் எல்லாவற்றையும் எப்படிப் போட்டுக்கொள்வது?

இங்கே பலரின் உள்ளுணர்வு தவறாக வேலை செய்கிறது. காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தைவிடக் குறைவாக, அதாவது ஏறக்குறைய 35 டிகிரிக்குள் இருக்கும்வரை எல்லா ஜிப்பையும் திறந்து விடுவது சரி. அதைத் தாண்டினால் உள்ளே வருவது அனல். வியர்வையையும் காற்று உடனே உறிஞ்சிக்கொண்டு போய்விடும். உடம்பு வற்றுவதே தெரியாது. அப்போது செய்ய வேண்டியது: உள்சட்டையை நன்றாக நனைத்து, மேலே ஜாக்கெட்டைப் போட்டு, திறப்புகளில் பாதியை மூடுங்கள். காற்று மெதுவாக நுழைந்து ஈரத்தை மெதுவாக ஆவியாக்கும். வறண்ட காற்றில் முக்கால் மணி நேரமாவது குளிர்ச்சி நிற்கும். புழுக்கம் மிகுந்த கடலோரத்தில் இது பலிக்காது. அங்கே விடிகாலையில் ஓட்டி, மதியம் நிழலில் உட்காருவதுதான் வழி.

உள்ளே பருத்தி பனியன் வேண்டாம். நனைந்தால் ஒட்டும், காயாது, தையல் தோலைத் தேய்க்கும். மெரினோ கம்பளி அல்லது விளையாட்டு வீரர்களின் ஒட்டுச்சட்டை நல்லது.

மழைக்கு ஜாக்கெட்டுக்குள் லைனர் போதுமா?

நீர்புகாத ஏற்பாடு மூன்று விதம். மேல்துணியோடு சவ்வு ஒட்டிய வகை: மழை வெளியிலேயே வழிந்துவிடும், விலை அதிகம், வெயிலில் சூடு. உள்ளே கழற்றி மாட்டும் லைனர்: உங்கள் மேல் மழை படாது, ஆனால் வெளித்துணி நீரைக் குடித்து இரண்டு கிலோ கனத்து, காற்றில் ஐஸ் போலக் குளிரும். மேலும் கொட்டும் மழையில் சாலையோரம் நின்று ஜாக்கெட்டைக் கழற்றித்தான் லைனரை மாட்ட முடியும். மூன்றாவது, எல்லாவற்றுக்கும் மேல் போடும் சாதாரண மழைக்கோட்டு. அழகில்லை, ஆனால் என் ஓட்டு அதற்குத்தான். மலிவு, பையில் கைப்பிடி அளவு, குளிர் காற்றையும் தடுக்கும். பூட்ஸைக் கழற்றாமலே நுழைக்கும்படி கால்பக்கம் ஜிப் இருக்கட்டும். சாலையில் புகைக்குழாய் பக்கம் இருக்கும் காலை மறக்க வேண்டாம். சூடு பட்டால் அந்தத் துணி உருகி ஒட்டும்.

ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியான வைசருக்குள் மூச்சு படிந்து மங்குவதற்கு, உள்பக்கம் பொருத்தும் பின்லாக் தகடு போல வேறு தீர்வு நான் பார்த்ததில்லை.

கையுறையில் என்ன பார்க்க வேண்டும்?

தரம் ஈஎன் 13594. உள்ளங்கை தேய்மானச் சோதனையில் நிலை 1 நான்கு நொடி, நிலை 2 எட்டு நொடி தாங்க வேண்டும். கேபி என்ற எழுத்துகள் இருந்தால் விரல்முட்டிக் காப்பு தேறியது. நிலை 2-க்கு அது கட்டாயம். மணிக்கட்டுப் பட்டையை இறுக்கிவிட்டு, மறு கையால் விரல் நுனிகளைப் பிடித்து இழுங்கள். கழன்று வந்தால், விழும்போதும் அதேபோலக் கழன்று பறக்கும். உள்ளங்கையின் அடிமேட்டில் வழுக்கும் கெட்டித் துண்டு இருப்பது நல்லது: கை சாலையில் சிக்கி நிற்காமல் வழுக்கிப்போனால் மணிக்கட்டு எலும்பு தப்பும்.

இரண்டு ஜோடி எடுத்துச் செல்லுங்கள், ஒன்று மெலிது, ஒன்று நீர்புகாதது. எல்லாப் பருவத்துக்கும் ஒரே கையுறை என்று விற்பவை எந்தப் பருவத்துக்கும் சரிவருவதில்லை.

மலையேற்றக் காலணி போதாதா?

போதாது, அது நடப்பதற்குச் செய்தது. பாதத்தின் குறுக்கே வண்டியின் எடை அழுத்தும்போது நசுங்காமலிருக்க வேறு கட்டமைப்பு வேண்டும். ஈஎன் 13634 முத்திரையில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் உருவத்துக்குக் கீழே நான்கு இலக்கங்கள் வரிசையாக இருக்கும்: உயரம், தேய்மானம், வெட்டு, குறுக்கு அழுத்தத் தாங்கல். ஒவ்வொன்றும் 1 அல்லது 2. நான்காவது இலக்கம் 2 ஆக இருக்கும்படி தேடுங்கள். ஐபிஏ என்றால் கணுக்கால் காப்பும், டபிள்யூஆர் என்றால் நீர்புகாமையும் சோதிக்கப்பட்டிருக்கின்றன. புது பூட்ஸோடு விமானம் ஏறாதீர்கள். குறைந்தது பத்து நாள் போட்டுப் பழகியிருக்க வேண்டும்.

ஏர்பேக் உடை வாங்கலாமா? விமானத்தில் ஏற்ற விடுவார்களா?

கழுத்தையும் மார்பையும் சேர்த்துத் தாங்குவதில் அதற்கு நிகர் வேறில்லை. இரண்டு வகை. வண்டியோடு கயிற்றால் கட்டியிருக்கும் வகையில், தூக்கியெறியப்படும்போது கயிறு இழுபட்டு வாயுக்குப்பி திறக்கும். சார்ஜ் செய்யத் தேவையில்லை, குப்பியை நீங்களே மாற்றலாம். மின்னணு வகை உணரிகளை வைத்து விபத்தைக் கணித்துக் கயிறு இல்லாமலே விரியும்; ஆனால் தினமும் பேட்டரியைக் கவனிக்க வேண்டும், சில வகைகளில் விரிந்தபின் சேவை மையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். கடைகளே இல்லாத பாதைகளில் கயிறு வகை எனக்குப் பிடிக்கும்.

விமானத்துக்கு: உடையில் பொருத்திய சிறு வாயுக்குப்பிகளையும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் மாற்றுக் குப்பிகளையும் விமான நிறுவனத்தின் முன்அனுமதியோடு கொண்டுபோகச் சர்வதேச விதிகளில் இடமுண்டு. முன்அனுமதி என்பதை அழுத்திப் படியுங்கள். மின்னஞ்சலில் வாங்கி அச்செடுத்து வையுங்கள். பாதுகாப்புச் சோதனையில் நிற்பவருக்கு அந்தக் குப்பி வெறும் குப்பியாகத்தான் தெரியும். தனியாக எடுத்துச் செல்லும் லித்தியம் பேட்டரிகளும் பவர் பேங்கும் கைப்பையில்தான்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறுமா?

நிறையவே. பெல்ஜியத்தில் 2011 முதல் ஹெல்மெட்டோடு கையுறை, முழுக்கை ஜாக்கெட், முழுக்கால் பேன்ட், கணுக்காலை மூடும் காலணி எல்லாம் கட்டாயம். பிரான்ஸில் 2016 நவம்பர் 20 முதல் ஓட்டுபவர், பின்னால் அமர்பவர் இருவருக்கும் ஐரோப்பியப் பாதுகாப்புத் தரத்தைக் காட்டும் சிஇ முத்திரையுள்ள கையுறை கட்டாயம். அவசரத்தில் வண்டியை நிறுத்தினால் போட்டுக்கொள்ள ஒளிரும் மேற்சட்டை ஒன்றும் கைவசம் இருக்க வேண்டும். பிரிட்டனில் வெளிச்சத்தில் பாதிக்கும் குறைவாகவே கடத்தும் கறுப்பு வைசர் சாலையில் செல்லாது. அமெரிக்காவில் இல்லினாய், அயோவா, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் ஹெல்மெட் சட்டமே இல்லை. அங்கே ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டிவைத்துப் படமெடுத்துக்கொள்பவர்களைப் பார்த்துச் சபலப்பட வேண்டாம்.

பயணக் காப்பீட்டுப் பத்திரத்தில் மோட்டார் சைக்கிள் பிரிவையும் படியுங்கள். ஹெல்மெட் அணியாமலோ அந்த வண்டிக்குரிய உரிமம் இல்லாமலோ ஓட்டினால் சிகிச்சைச் செலவு கிடையாது என்று பல பத்திரங்களில் வரி இருக்கும். எஞ்சின் அளவுக்கு உச்சவரம்பும் இருக்கலாம்.

போகும் நாட்டிலேயே வாடகைக்கு எடுக்கலாமே?

ஜாக்கெட், பேன்ட் என்றால் பரவாயில்லை, அளவு கிடைத்தால். ஹெல்மெட்டை வாடகைக்கு எடுக்காதீர்கள். அது எத்தனை முறை கீழே விழுந்தது என்பது அதற்கு மட்டும்தான் தெரியும். பூட்ஸும் கையுறையும் உங்கள் உடம்புக்குப் பழகியவை, அவற்றையும் கொண்டுபோங்கள். பூட்ஸையும் ஜாக்கெட்டையும் அணிந்தபடியே விமானம் ஏறினால் பெட்டியில் மூன்று நான்கு கிலோ மிச்சம். ஹெல்மெட் கைப்பையாக வர வேண்டும். உள்ளே காலுறைகளையும் கையுறைகளையும் திணித்துவிடலாம்.

நிறம் முக்கியமா? கறுப்புதான் அழுக்குத் தெரியாது.

நியூசிலாந்தின் ஆக்லாந்து வட்டாரத்தில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், ஒளிரும் அல்லது ஒளியைப் பிரதிபலிக்கும் உடை அணிந்தவர்களுக்கு விபத்துக் காயத்தின் அபாயம் 37 சதவீதம் குறைவாக இருந்தது. கறுப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிட்டால் வெள்ளை ஹெல்மெட்டுக்கு 24 சதவீதம் குறைவு. வெள்ளைக்கு வெயிலில் சூடும் குறைவு. அழுக்கைத் துடைத்துக்கொள்ளலாம்.

பின்னால் அமர்பவருக்கு?

அதே வேகம், அதே சாலை. எனவே அதே உடை. ஓட்டுபவரைவிடக் குறைவாக அசைவதால் அவருக்குக் குளிர் கூடுதலாகத் தெரியும். ஓர் அடுக்கு அதிகம் எடுத்துச் செல்லுங்கள்.

வழியில் ஒரு முறை விழுந்துவிட்டால், அதே உடையோடு தொடரலாமா?

ஜாக்கெட்டைத் திருப்பித் தையல்களைப் பாருங்கள். துணி தேய்ந்து மங்கியிருந்தால் சமாளிக்கலாம். தையல் பிரிந்திருந்தால் கெட்டி நூலால் இரட்டைத் தையல் போடச் சொல்லி, ஊர் திரும்பியதும் மாற்றுங்கள். ஆர்மர் பட்டையில் வெடிப்போ மீளாத பள்ளமோ இருந்தால் அது முடிந்தது.

தலை உள்ளே இருக்கும்போது அடிபட்ட ஹெல்மெட்டுக்கு மறுவாழ்வு கிடையாது, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும். உள்ளே இருப்பது தெர்மாகோல் இனத்து நுரை. ஒரு முறை நசுங்கினால் நசுங்கியதுதான், மீண்டும் உப்பாது. அடுத்த பெரிய ஊரில் புதிது வாங்குங்கள். தலை இல்லாமல், இருக்கையிலிருந்து உருண்டு விழுந்ததென்றால் பெரும்பாலும் பாதிப்பிருக்காது. வெளி ஓட்டில் வெடிப்பு இருக்கிறதா, பட்டை சரியாகப் பூட்டுகிறதா என்று பாருங்கள். வைசரில் விழுந்த கீறல் பகலில் தெரியாது. இரவில் எதிரே வரும் ஒரே விளக்கை அது பத்து விளக்காகச் சிதறடிக்கும். மாற்று வைசர் ஒன்றைத் துணிகளுக்கு நடுவே தட்டையாக வைத்து எடுத்துப்போங்கள்.